பழைய பாய்லரை மாற்றுமுன்



கார்த்திகை பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் வட்டாரத்து இல்லங்களில் ஒரு பேச்சு எழும். கொல்லைப்புறத்தில் பல்லாண்டுகள் உழைத்த செம்புப் பாய்லர் அடியில் கசியத் தொடங்கியிருக்கும். அல்லது குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர் சூடேற மறுத்திருக்கும். சுபுஹுத் தொழுகைக்கு எழும் வயோதிகர் சில்லென்ற நீரில் உளூச் செய்ய அஞ்சுவார். பிள்ளை பெற்ற பெண் வீட்டில் இருந்தால் வெந்நீர் இல்லாமல் ஒரு நாளும் கழியாது. உடனே ஒருவர் கடைத்தெருவுக்கு ஓடுவார். கடைக்காரர் காட்டுவதிலேயே பெரியதாகவும் பளபளப்பாகவும் உள்ள ஒன்று வீட்டிற்கு வந்து சேரும். அவசரத்தில் நடக்கும் இந்த வியாபாரத்தில்தான் குடும்பத்தின் பணம் வீணாகிறது. கொடுத்த விலையோடு அது நிற்பதில்லை. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மின்கட்டணமாகத் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும்.

ஆகவே, புதிது வாங்குமுன் நம் வீட்டுக்கு எவ்வளவு வெந்நீர் தேவை என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி தரும். மார்கழி விடியலில் மாடித் தொட்டி நீர் 24 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். குளிப்பதற்கு இதமான சூடு 40 டிகிரி. இருபது லிட்டர் வாளி ஒன்றை அந்த அளவுக்குச் சூடேற்ற 320 கிலோ கலோரி, அதாவது ஒரு யூனிட்டில் நூற்றுக்கு முப்பத்தேழு பங்கு போதுமானது. ஐந்து பேர் குளிக்கும் வீட்டிற்கு வீணாவதையும் சேர்த்து நாளொன்றுக்கு இரண்டு யூனிட். இரு மாதங்களுக்கு ஏறத்தாழ 120 யூனிட்.

இந்த 120 யூனிட்டின் விலை எல்லா வீட்டிற்கும் ஒன்றல்ல என்பதைப் பலர் அறிவதில்லை. 2022 செப்டம்பரில் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். ஐந்நூறைத் தாண்டிவிட்டாலோ 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும்; 101 முதல் 400 வரை அனைத்திற்கும் 4.50 எனக் கணக்கிட்டு, 500க்கு மேல் 600 வரை 8 ரூபாய் வீதம் சேர்ப்பார்கள். அந்தக் கணக்கின்படி 500 யூனிட் எரித்தவருக்கு 1,725 ரூபாய். 510 யூனிட் எரித்தவருக்கு 2,030 ரூபாய். பத்தே பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! வழக்கமாக 250 யூனிட் எரியும் வீட்டில் வெந்நீருக்கான 120 யூனிட் 540 ரூபாயைக் கூட்டும். ஏற்கெனவே 420 எரியும் வீட்டிலோ அதே நீர், அதே சூடு, 1,025 ரூபாயைக் கூட்டிவிடும். 2024 ஜூலையில் கட்டணம் மீண்டும் சற்று உயர்ந்தது. எனவே தங்கள் வீட்டின் கடந்த குளிர்கால மின் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, தாங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டே கடைக்குச் செல்லுங்கள்.

விசைத்தறி நிறைந்த ஊராகையால் ஈண்டு ஒரு வார்த்தை. தறிக்கான மின் இணைப்பு வேறு, வீட்டு இணைப்பு வேறு. தறிக்கூடத்துக் கம்பியிலிருந்து கீசருக்கு ஒரு கிளை இழுத்துக்கொள்ளும் யோசனை சிலருக்குத் தோன்றக்கூடும். ஒரு பயன்பாட்டுக்குப் பெற்ற இணைப்பை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்கீழ் வரும். உரிய கட்டணத்தின் இருமடங்கு வசூலிக்கப்படும். மிச்சம் பிடிக்கப் போய் முதலையும் இழக்க வேண்டாம்.

இனி, பழையது உண்மையிலேயே பழுதாகிவிட்டதா என்று பாருங்கள். கீசர் சூடேறாவிட்டால் பெரும்பாலும் குற்றம் அதன் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பியிலோ, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலோதான் இருக்கும். இரண்டையும் தனித்தனியே மாற்றலாம். செலவு புதிய கீசரின் விலையில் சிறு பங்கே ஆகும். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு மிகுந்தது. அந்த உப்பு கம்பியின்மேல் சுண்ணாம்புபோல் படிந்துவிட்டால் வெப்பம் நீருக்குள் இறங்காது. கம்பியும் வெந்து அறுந்துபோகும். ஆண்டுக்கொருமுறை கழற்றிப் படிவத்தைச் சுரண்டிவிட்டால் ஆயுள் நீளும். தொட்டிக்குள் மெக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். தொட்டி அரிக்கப்படாமல் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை. அது கரைந்து தீர்ந்தபின் மாற்றாமல் விட்டால் அடுத்து அரிபடுவது தொட்டிதான். உள்தொட்டியே ஓட்டையாகி நீர் ஒழுகினால் மட்டும் மாற்றிவிடுங்கள். அதைப் பழுது பார்ப்பது வீண்.

செம்புப் பாய்லரின் நிலையும் இதுவே. குழாய்த் திருகின் வாஷர், அடித்தட்டு, பற்றவைத்த ஓரங்கள் ஆகிய இவைதாம் பழுதாகும் இடங்கள். பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொடுத்தால் சரியாகிவிடும். தோப்பும் தென்னையும் உள்ள வீட்டில் சிரட்டையும் மட்டையும் காசின்றிக் கிடைக்கும்போது, ஆண்டில் நான்கு மாதக் குளிருக்காக அந்தப் பாய்லரைத் தூக்கி எறிவானேன்? ஆனால் அதைத் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். கதவடைத்த அறைக்குள் கரியோ விறகோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. குளித்துக்கொண்டிருப்பவர் மயங்கி விழும்வரை எவருக்கும் தெரியாது. குளியலறைக்குள்ளேயே பொருத்தும் கேஸ் கீசருக்கும் இதே ஆபத்து உண்டு. சிக்கனம் என்ற பெயரில் அதைச் சிறு குளியலறையில் மாட்டச் சொல்வாரின் பேச்சைக் கேளாதீர்கள். கேஸ் கீசர்தான் வேண்டுமென்றால் அது வெளிச்சுவரில் இருக்கட்டும், வெந்நீர் மட்டும் குழாய் வழியே உள்ளே வரட்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எந்த அளவு? இங்குதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். “ஐந்து பேரா, 25 லிட்டர் எடுங்கள்” என்பது கடைகளில் கேட்கும் வாடிக்கைப் பேச்சு. 60 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் வெந்நீருடன் தொட்டி நீரைக் கலந்தால் 40 டிகிரியில் இருபத்திரண்டரை லிட்டர் கிடைக்கும். ஒரு வாளி நிறைந்து சற்று மிஞ்சும். 2 கிலோவாட் கம்பி அந்தப் பத்து லிட்டரைச் சூடாக்க எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 13 நிமிடம். ஒருவர் குளித்து வெளிவருவதற்குள் அடுத்தவருக்கு நீர் தயாராகிவிடும். வாளியில் மொண்டு குளிக்கும் குடும்பத்திற்கு 10 லிட்டரே தாராளம். ஷவரில் நின்று குளிப்போர்க்கு மட்டும் 15 லிட்டர் தேவைப்படலாம். 25 லிட்டர் தொட்டியோ நிறைய ஒருமுறை சூடாக ஒரு யூனிட்டுக்கு மேல் விழுங்கும். குளித்தது ஒருவரேயாயினும் எஞ்சிய சூடு சுவருக்கும் காற்றுக்கும் போய்விடும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில் உளூச் செய்ததும், ஒரு ‘ஸாவு’, அதாவது நான்கு ‘முத்து’ அளவிலிருந்து ஐந்து ‘முத்து’ வரையிலான நீரில் குளித்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளன. ‘முத்து’ என்னும் அம்முகத்தலளவை ஏறத்தாழ முக்கால் லிட்டர் என்பர் பலர். அவ்வாறெனில் முழுக் குளிப்புக்கு மூன்று முதல் நான்கு லிட்டர்! நாம் இருபது லிட்டருக்குக் கணக்குப் போட்டுவிட்டு அதுவும் போதாதென்று 25 லிட்டர் கீசர் கேட்கிறோம். உளூவுக்கு மட்டும் வெந்நீர் வேண்டும் பெரியவருக்கு, ஒரு கெண்டி நீரை அடுப்பில் வைத்துக் கொடுத்தாலே காரியம் முடிந்தது. அதற்காகத் தொட்டி முழுவதையும் கொதிக்க வைப்பது தேவையற்றது.

3 லிட்டர் ‘இன்ஸ்டன்ட்’ கீசர் விலையிற் குறைந்தது. 3 கிலோவாட் சக்தியில் அது நிமிடத்திற்கு இரண்டே முக்கால் லிட்டர் வரை 40 டிகிரி நீர் தரும்; வாளி நிறைய ஏழரை நிமிடம் ஆகும். ஆனால் 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். பழைய வீட்டின் மெல்லிய கம்பி அதைத் தாங்காது. தனிக் கம்பியும் 16 ஆம்பியர் சுவிட்சும் போடும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கீசராயினும் எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியும் இல்லாமல் மாட்டவே கூடாது.

நட்சத்திரக் குறியீடு பற்றியும் விளங்கிக்கொள்வது நலம். நடுவண் அரசின் எரிசக்தித் திறன் செயலகம் தொட்டிக் கீசர்களுக்கு வழங்கும் அந்த நட்சத்திரங்கள், நீரைச் சும்மா வைத்திருக்கையில் எவ்வளவு சூடு கசிகிறது என்பதை அளப்பவை. நாள் முழுதும் சுவிட்சைப் போட்டு வைக்கும் வீட்டிற்கு ஐந்து நட்சத்திரம் பெரும் மிச்சம். குளித்தவுடன் அணைத்துவிடும் வீட்டிற்கு அத்தனை வித்தியாசம் இராது. தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு இறக்கி வைத்தால் கசிவும் குறையும், குழந்தைகளின் கை வெந்துபோகும் ஆபத்தும் குறையும்.

சூரிய வெப்பக் கலன் போடலாமே என்பீர்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத கரிசல் சீமை நம்முடையது, ஐயமில்லை. எனினும் கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. நான்கு மாதமே வெந்நீர் வேண்டும் வீட்டிற்கு அது ஆண்டில் மிச்சப்படுத்துவது 240 யூனிட், யூனிட்டுக்கு 4.50 வீதம் 1,080 ரூபாய். கலனின் விலை இருபதாயிரம் என வைத்தால் முதல் திரும்பப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மூட்டுவலிக்காரரோ, கைக்குழந்தைகளோ இருந்து ஆண்டு முழுதும் வெந்நீர் வேண்டும் பெரிய குடும்பம் 720 யூனிட்டை 6 ரூபாய் வீதம் மிச்சப்படுத்தினால் ஐந்தாண்டுக்குள் முதல் வந்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வாழும் நம் மக்களுக்கு இது மிகவும் ஏற்றது. உப்பு நீராயின் செம்புக் குழாய்த் தகட்டைவிட, கழுவ எளிதான கண்ணாடிக் குழாய் வகையே நல்லது.

பிழைப்பின் நிமித்தம் இங்கிலாந்து சென்ற உறவினர் வீடு முழுவதையும் பாய்லரால் சூடேற்றுகின்றனர். அங்கும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், பழையதை மாற்றுவோர் பெரும்பாலும் புகையோடு போகும் சூட்டையும் மீட்கும் ‘கண்டென்சிங்’ பாய்லரையே பொருத்த வேண்டியதாயிற்று. வீட்டைச் சுற்றித் திரும்பிவரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த மீட்பு நன்கு நடக்கும். கூடிய சூட்டில் ஓட்டினால் கொடுத்த காசுக்குப் பயனில்லை. கூரைக்கும் சுவருக்கும் காப்பு இட்டுவிட்டுப் பிறகு பாய்லரின் அளவைத் தீர்மானித்தால் சிறியதே போதும் என்பதை அவர்களுக்கும் எழுதுங்கள்.

தவணை முறை பற்றிச் சொல்லாமல் விடலாகாது. வட்டியுள்ள தவணை நமக்கு ஆகாது என்பது தெரிந்ததே. “வட்டியில்லாத் தவணை” என்று எழுதியிருந்தாலும், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி, நடைமுறைக் கட்டணம் என்று ஏதேனும் பிடிப்பார்களா என்ற இரண்டையும் கேளுங்கள். அந்த வித்தியாசம் எந்தப் பெயரில் வந்தாலும் தங்கள் கையிலிருந்துதான் போகிறது. முடிந்தால் குளிர் தொடங்குமுன், சித்திரை வைகாசியிலேயே வாங்கிவிடுங்கள். அவசரமில்லாதவரிடம் கடைக்காரரும் விலையில் இறங்கி வருவார்.

கடைசியாக, கழித்துவிடும் செம்புப் பாய்லரைப் பற்றி. “பழையதைக் கொடுங்கள், புதியதில் ஐந்நூறு குறைக்கிறோம்” என்றால் உடன்பட்டுவிட வேண்டாம். செம்பு எடைக்கு விலைபோகும் உலோகம். பாய்லரோ பல கிலோ கனமுள்ளது. இரும்புச் சல்லடையையும் பித்தளைக் குழாயையும் தனியே கழற்றி, உள்ளிருக்கும் சாம்பலைத் தட்டி, இரண்டு பாத்திரக் கடைகளில் அன்றைய செம்பு விலையைக் கேட்டறிந்த பின்னரே தராசில் ஏற்றுங்கள்.