அந்தச் சலைன் பாட்டில் எப்போது திறந்தது?

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,



போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம், டாக்டர் பெயரும் வேண்டாம். கைராசிக்காரர், நல்ல மனிதர். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். அந்தப் பத்து நிமிடமும் என் கண் டிரேக்குப் பக்கத்தில் இருந்த அரை லிட்டர் சலைன் பாட்டில் மேலேயே இருந்தது. பாதி காலி. மூடியில் ஓர் ஊசி குத்தியபடியே நின்றது. உதவிக்கு இருந்த பெண் அதில் சிரிஞ்சைச் செருகி உறிஞ்சினார். "இது எப்பம்மா திறந்தது?" என்றேன், கோணிய வாயோடு. "இன்னும் நிறைய இருக்கு சார்" என்றார்.

வாணியம்பாடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022-23இல் அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களில் எட்டுப் பேர், மூளையைத் தாக்கிய மெலியாய்டோசிஸ் நோயில் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் நம் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து காரணத்தைத் தேடின. எலும்பின் மேல்சவ்வை நெம்பும் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பஞ்சு வைத்து அடைத்து, மிச்சத்தை அடுத்தவர் வாயிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆய்வு கைகாட்டியது இதைத்தான். அந்த நோயின் கிருமி மண்ணிலும் ஈரத்திலும் வாழ்வது. சலைனோ வெறும் உப்புத் தண்ணீர், கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் அதில் கிடையாது. பஞ்சு எதைத் தடுக்கும்?

இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது 2025இல், ஆய்வுக் கட்டுரை லான்செட் குழும இதழில் வந்து செய்தியான பிறகு. இரண்டு வருடம்! இடையில் எத்தனை ஊர்களில் எத்தனை பாட்டில்கள் பஞ்சு மூடியோடு நின்றனவோ.

கிருமிநீக்கம் என்றாலே ஆட்டோகிளேவைக் காட்டுகிறார்கள். 121 டிகிரியில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் வெந்து, பவுச்சில் சுத்தமாக வந்த கருவியை, நாலு நாள் பழைய தண்ணீரில் நனைத்தால் வெந்ததற்கு என்ன பலன்? பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் கதை இன்னும் மோசம். சுழற்சி நிற்கும் கணத்தில் வாயிலுள்ள எச்சிலையும் ரத்தத்தையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் வெளிப்புறம் பளபளக்கும், அவ்வளவுதான்.

டாக்டர்களை மட்டும் திட்டி முடித்துவிடவும் மனம் வரவில்லை. ஒரே நாற்காலி, இரண்டு ஹேண்ட்பீஸ், சாயங்காலம் வாசலில் பத்துப் பேர். ஆட்டோகிளேவ் ஒரு சுற்று முடிந்து கருவி காய்ந்து வரும்வரை காத்திருக்க எந்த நோயாளிக்குப் பொறுமை இருக்கிறது? நானே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கிளினிக் நடத்தப் பதிவு கொடுப்பது உங்கள் துறை. அதற்கென 1997 சட்டம் இருக்கிறது, 2018 விதிகள் இருக்கின்றன, மாவட்டந்தோறும் இணை இயக்குநர் இருக்கிறார். சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. அந்த இணை இயக்குநரை ஒருநாள், சொல்லாமல், மாலை ஏழு மணிக்கு அனுப்புங்கள். சான்றிதழை அப்புறம் பார்க்கட்டும். முதலில் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கட்டும். ஹேண்ட்பீஸ் எத்தனை, நோயாளிகள் எத்தனை என்று எண்ணட்டும். பல் பிடுங்குவதற்கும் ஈறு அறுப்பதற்கும் ஒருவருக்கு ஒன்றாகச் சிறு சலைன் குப்பிதான் பயன்படுத்த வேண்டும் என உத்தரவு போடுங்கள். பவுச்சை நோயாளியின் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். அதன் மேலுள்ள அடையாளக் கோடு நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கும் தெரியும். இனியொரு ஊரில் இப்படி நேர்ந்தால், இதழில் அச்சாகும்வரை காத்திராமல் அந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பதில் மடல் வேண்டாம். இன்னொரு கடைவாய்ப் பல்லும் ஆடிக்கொண்டிருக்கிறது. தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அன்றைக்கு அந்த டிரேக்குப் பக்கத்தில் உடைக்காத 10 மில்லி குப்பி ஒன்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு நோயாளி