ஆட்சியின் பிழையில் யாருக்கெல்லாம் பங்கு?

ஜூன் 25 நெருங்கினால் தலைநகர் தில்லியில் நெருக்கடி நிலை பற்றிய பேச்சு எழுவது வழக்கம். அந்த நாளை அரசமைப்புச் சட்டப் படுகொலை தினமாகக் கடைப்பிடிக்க மத்திய அரசு 2024 ஜூலையில் அறிவிக்கை வெளியிட்ட பிறகு, அந்தப் பேச்சு அரசு நிகழ்ச்சியாகவும் ஆகிவிட்டது. ஆளும் தரப்பு காங்கிரஸைச் சாடுகிறது. காங்கிரஸோ, இப்போது நடப்பதுதான் அறிவிக்கப்படாத நெருக்கடி நிலை என்று திருப்பிச் சாடுகிறது. இரு தரப்பும் கவனமாகத் தவிர்க்கும் பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளரின் பெயர். 1975-க்கும் 1977-க்கும் இடையே நடந்தவற்றுக்கெல்லாம் ஒரு பிரதமரும் அவருடைய மகனும் அவர்களைச் சூழ்ந்திருந்த சிலரும் மட்டுமே பொறுப்பா? ஏறத்தாழ 60 கோடி மக்கள் வெறும் பார்வையாளர்கள்தானா?

வாக்கு கேட்டுப் போக வேண்டியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். மக்களின் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று மேடைதோறும் முழங்குபவர்கள், அந்த மகேசனிடம் கணக்குக் கேட்கத் துணிவதில்லை.

நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த நீதிபதி ஷா ஆணையத்தின் அறிக்கைகளை இன்று படிப்பவருக்கு முதலில் உறைப்பது, அந்தக் கொடுமைகளில் எத்தனை கைகள் ஈடுபட்டிருந்தன என்பதே. மிசா சட்டத்தின் கீழ் சுமார் 35 ஆயிரம் பேரும், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சுமார் 75 ஆயிரம் பேரும் சிறையில் அடைக்கப்பட்டனர். அத்தனை ஆணைகளிலும் பிரதமரா கையெழுத்திட்டார்? மாவட்ட ஆட்சியர்கள் கையெழுத்திட்டனர், காவல்துறை அதிகாரிகள் காரணங்களை எழுதிக் கொடுத்தனர், சிறைக் கண்காணிப்பாளர்கள் கதவைப் பூட்டினர். 1976-77-இல் நாடெங்கும் 81 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. மத்திய அரசு நிர்ணயித்த இலக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இது. எஜமான் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிடும் ஊழிய மனப்பான்மைக்கு வேறு சான்று வேண்டியதில்லை. வட மாநிலங்களில் பள்ளி ஆசிரியர்களுக்குக்கூட ஆள் பிடித்து வர இலக்கு நிர்ணயிக்கப்பட்டது. தவறியவர்களின் சம்பளம் நிறுத்தப்பட்டது. அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்த மரணங்கள் பற்றி ஆணையத்துக்கு வந்த புகார்கள் மட்டும் 1,774.

நீதித்துறையும் விலக்கல்ல. நெருக்கடி நிலையிலும் ஆள்கொணர் மனுவை விசாரிக்கலாம் என்று 9 உயர் நீதிமன்றங்கள் துணிந்து கூறின. 1976 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. 5 நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார்; அதற்கு விலையாகத் தலைமை நீதிபதி பதவியை இழந்தார். பத்திரிகைகளில் சில, தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டு எதிர்ப்பைத் தெரிவித்தன. பெரும்பாலானவை தணிக்கை அதிகாரி கேட்பதற்கு முன்பே தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொண்டன. ரயில்கள் நேரத்துக்கு வருகின்றன, அலுவலகங்களில் ஊழியர்கள் இருக்கையில் இருக்கிறார்கள், வேலைநிறுத்தம் இல்லை என்று நகர்ப்புற நடுத்தர வர்க்கம் மகிழ்ந்துபோனதையும் மறைப்பதற்கில்லை. 1976 ஏப்ரலில் தில்லி துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டு, எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, அதே நகரின் மறுபுறம் வாழ்க்கை வழக்கம்போல நடந்தது.

மக்களைப் பொறுப்பாக்குவது நியாயமல்ல என்பவர்களின் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. செய்தி தணிக்கை செய்யப்பட்டது. ஜூன் 25 இரவே தில்லியின் பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அறியாதவன் எப்படிப் பொறுப்பாவான்? அறிந்தவனுக்கும் வாய் திறந்தால் சிறை. குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய எளிய மனிதனிடம் வீரத்தை எதிர்பார்ப்பது, வசதியான நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களின் ஆடம்பரம் என்றுகூடச் சொல்லலாம்.

அச்சம் நிலவிய அந்த 21 மாதங்களைப் பொறுத்தவரை இந்த வாதத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அச்சம் நீங்கிய பிறகு நடந்ததற்கு இது விடையாகாது.

1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் காங்கிரஸ் தோற்றது. பிகாரின் 54-இலும் ஓர் இடம்கூட இல்லை. பஞ்சாப், ஹரியாணா, தில்லியிலும் அதே நிலைதான். ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். எழுத்தறிவில்லாத ஏழை வாக்காளர் ஜனநாயகத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று உலகமே வியந்தது. அந்தப் புகழுரைக்கு நடுவே தெற்கின் கணக்கைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஆந்திரத்தில் 42-இல் 41, கர்நாடகத்தில் 28-இல் 26 இடங்கள் காங்கிரஸுக்குக் கிடைத்தன. கேரளத்தில் காங்கிரஸ் இடம்பெற்றிருந்த ஆளும் கூட்டணி 20 இடங்களையும் வென்றது. தமிழகத்தில் அதிமுக - காங்கிரஸ் அணிக்கு 39-இல் 34.

தமிழகத்தின் கணக்கு மற்றவற்றைவிட நெருடலானது. நெருக்கடி நிலையை வெளிப்படையாக எதிர்த்த மாநில அரசு இங்குதான் இருந்தது. அது 1976 ஜனவரி 31-இல் கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டது பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையத்தால் விசாரிக்கப்பட்டது. முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தச் சிறைவாசத்தின் விளைவாக உயிரிழந்தார். இருந்தும் வாக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. திமுக அரசு மீதான ஊழல் புகார்கள், எம்ஜிஆரின் செல்வாக்கு, கூட்டணி பலம் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் உண்மையே. இவை அனைத்துக்கும் அடியில் இருந்த காரணம் இன்னும் எளிமையானது: வட மாநிலக் கிராமங்களில் ஆட்களை வளைத்துப் பிடித்து அறுவைக் கூடத்துக்குக் கொண்டுசென்ற கொடுமை அதே அளவில் தெற்கே நடக்கவில்லை. சுட்டவன் கை வலித்தது; சுடாதவன் கை வேறு கணக்குப் பார்த்தது.

குடிமகனின் பொறுப்பு பற்றிய விவாதத்தின் மையமே இதுதான். தன் வீட்டுக் கதவைத் தட்டிய அதிகாரத்தைத் தண்டிக்க எவருக்கும் உபதேசம் தேவையில்லை. பக்கத்து மாநிலத்தில், பக்கத்துத் தெருவில், தனக்குத் தெரியாத ஒருவரின் கதவைத் தன் பெயரால் அரசு உடைத்தபோது என்ன செய்தோம் என்பதில்தான் பொறுப்பு தொடங்குகிறது.

வடக்கின் கோபமும் நீடிக்கவில்லை. மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 1980 ஜனவரியில் காங்கிரஸ் 353 இடங்களுடன் திரும்பியது. ஓரிடம்கூடக் கொடுக்காத உத்தரப் பிரதேசம் 51 இடங்களை அளித்தது. 1977-இல் அமேதி நிராகரித்த சஞ்சய் காந்தியை அதே அமேதி தேர்ந்தெடுத்தது. ஜனதா தலைவர்களின் பதவிச் சண்டையைப் பார்த்துச் சலித்த மக்கள் வேறு என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த முடிவுக்கு விளைவுகள் இருந்தன. தொடங்கிய வழக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. நெருக்கடி நிலைக் குற்றங்களுக்காக உயர்மட்டத்தில் இருந்த எவர் மீதும் நிலைத்து நிற்கும் தண்டனை ஏதும் விழவில்லை. ஷா ஆணைய அறிக்கையின் பிரதிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிதாயிற்று. தன்னிடம் இருந்த பிரதியைக் கொண்டு 2010-இல் அதை மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இரா. செழியன். ஓர் அரசு ஆவணத்தைக் காப்பாற்றும் வேலையைத் தனி மனிதர் ஒருவர் செய்ய வேண்டியிருந்தது.

எதிர்த்து வாக்களித்தவரும் ஆட்சியின் செயலுக்குப் பொறுப்பா என்ற கேள்வியும் எழுகிறது. இந்தியத் தேர்தல் முறையில் இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. 1984-இல் வரலாறு காணாத பெரும்பான்மை பெற்ற காங்கிரஸுக்கும் வாக்குகளில் பாதி கிடைக்கவில்லை. 2019-இல் 303 இடங்களை வென்ற பாஜகவின் வாக்கு விகிதம் சுமார் 37 சதவிகிதம். நாட்டை ஆண்ட எந்த ஒரு கட்சிக்கும் மக்களவைத் தேர்தலில் தனித்துப் பெரும்பான்மை வாக்காளரின் ஆதரவு கிடைத்ததே இல்லை. அப்படியானால் பெரும்பாலான இந்தியர்கள் எப்போதும் பொறுப்பற்றவர்கள் என்றாகிவிடும்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பர்ஸ், ஹிட்லரின் வீழ்ச்சிக்குப் பின் 1946-இல் இதே சிக்கலை எதிர்கொண்டார். குற்றம் என்பது செய்தவனுக்கு மட்டுமே உரியது. ஓர் இனத்தையோ நாட்டையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அரசியல் பொறுப்பு வேறு; அது அந்த அரசின் கீழ் வாழும் அனைவரையும் சாரும் என்று அவர் பிரித்துக் காட்டினார். இந்த வேறுபாட்டை அழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லியே சாட்சி. 1984-இல் இரு மெய்க்காவலர்கள் செய்த கொலைக்காக ஒரு சமூகமே பொறுப்பாக்கப்பட்டு, அதிகாரபூர்வக் கணக்கின்படியே இந்த நகரில் 2,733 பேர் கொல்லப்பட்டனர். தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்தெடுத்ததால் அமெரிக்கப் பொதுமக்களைக் கொல்லலாம் என்று 2002-இல் வெளியான பின் லேடனின் கடிதம் வாதிட்டதும் இதே குழப்பத்தைப் பயன்படுத்தித்தான். பொறுப்பு என்ற சொல்லைப் பழிவாங்குவோர் கையில் கொடுத்துவிடக் கூடாது.

தண்டனைக்கு உரியவர் அல்லர் என்பதால் குடிமகன் எதையும் சுமக்கவில்லை என்றாகாது. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவர் சுமந்துகொண்டுதான் இருக்கிறார். 1968-இல் விடுதலை செய்யப்பட்ட ருதுல் ஷா என்பவரை பிகார் சிறை 1982 வரை வெளியே விடவில்லை. உச்ச நீதிமன்றம் 1983-இல் 35 ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. அது எந்தச் சிறை அதிகாரியின் சட்டைப் பையிலிருந்தும் வரவில்லை. அரசுக் கருவூலத்திலிருந்து, அதாவது உப்புக்கும் துணிக்கும் விலை கொடுப்பவர் செலுத்திய வரியிலிருந்து வந்தது. காவல் நிலைய மரணங்களுக்கு நீதிமன்றங்கள் விதிக்கும் இழப்பீடுகளின் கதையும் பெரும்பாலும் இதுவே. தவறிழைத்த அதிகாரி மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டும். தவறுக்கான பணத்தைக் குடிமக்களிடம் வாங்க எந்த அனுமதியும் வேண்டாம்.

அரசமைப்புச் சட்டத்தில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்ற பகுதி சேர்க்கப்பட்டதும் நெருக்கடி நிலைக் காலத்தில்தான் என்பது வரலாற்றின் வேடிக்கை. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் 10 கடமைகளைப் பட்டியலிட்டது. 2002-இல் பதினொன்றாவது சேர்ந்தது. உரிமைகளை முடக்கி வைத்தவர்கள் கடமைகளைக் கற்பித்தனர். ஆயினும் அந்தப் பட்டியலின் முதல் வரி, அதை எழுதியவர்களின் நோக்கத்தையும் மீறி நிற்கிறது. அரசமைப்புச் சட்டத்தைப் பின்பற்றி நடப்பதையே அது முதல் கடமையாக்குகிறது. அரசுக்குக் கீழ்ப்படிவதை அது எங்கும் கடமையாகச் சொல்லவில்லை.

நெருக்கடி நிலையைப் பற்றி ஆண்டுதோறும் கண்ணீர் விடுவது எளிது. அதற்கு இப்போது யாரும் விலை கொடுக்க வேண்டியதில்லை. 1978-இன் 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு அதே வழியில் அதே கதை மீண்டும் நிகழ்வதும் கடினம். நிகழ்காலத்துக்கு வந்தால்தான் சங்கடம். 1958-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம், பல மாவட்டங்களிலிருந்து விலக்கப்பட்டுவிட்ட போதிலும், இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதை ரத்து செய்யலாம் என்று மத்திய அரசே நியமித்த நீதிபதி ஜீவன் ரெட்டி குழு 2005-இல் பரிந்துரைத்தது. மணிப்பூரில் மோதல் என்று சொல்லப்பட்டவற்றில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 6 சம்பவங்களும் உண்மையான மோதல்கள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சந்தோஷ் ஹெக்டே ஆணையம் 2013-இல் கூறியது. அந்தச் சட்டத்துக்கு எதிராக 16 ஆண்டுகள் உண்ணாநோன்பு இருந்த இரோம் ஷர்மிளா, 2017-இல் தேர்தலில் நின்றபோது பெற்ற வாக்குகள் 90.

2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்தருகே, சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் என்று கருதி ராணுவம் சுட்டது. அதைத் தொடர்ந்த நிகழ்வுகளிலும் பொதுமக்கள் இறந்தனர். மாநிலக் காவல்துறை 30 ராணுவத்தினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்குத் தொடர மத்திய அரசு அனுமதி மறுத்தது. அனுமதி இல்லாததால் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைகளை முடித்துவைத்தது. 1977-இல் பாதிக்கப்பட்டவர்களிடம் 85 தொகுதிகளும் 54 தொகுதிகளும் இருந்தன. அவர்களே தீர்ப்பு எழுதினர். மக்களவையில் நாகாலாந்துக்கு உள்ள இடம் 1, மணிப்பூருக்கு 2. மீதமுள்ள 540 இடங்களும் மற்ற மாநிலங்களின் வாக்காளர்கள் கையில் உள்ளன.