பறக்க விடட்டுமா, சார்?

ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறுகிறவரின் பையில் என்ன இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 22 தீர்த்தங்களிலும் நனைந்து எழுந்த பிறகு உடுத்த மாற்றுத்துணி, காசியிலிருந்து வருபவர் என்றால் ஒரு செம்பில் கங்கை நீர், திரும்பும்போது சங்கும் சோழியும் வைக்கக் கொஞ்சம் இடம். சில ஆண்டுகளாக இந்தக் கூட்டத்தில் வேறு ஒரு வகை யாத்ரீகரும் கலந்திருக்கிறார். முதுகில் கனத்த பை, சேற்றுக்கு அஞ்சாத செருப்பு, முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸ். கோபுரத்தை அவர் நிமிர்ந்து பார்ப்பதெல்லாம் அதன் மேல் செம்பருந்து ஏதாவது உட்கார்ந்திருந்தால்தான். விடிவதற்கு முன்பே ஆட்டோ பிடித்து தனுஷ்கோடி சாலையில் போய்விடுகிறார். அவர் தேடி வந்த மூலவர் அங்கே தண்ணீரில் ஒற்றைக் காலில் நிற்கிறது: பூநாரை.

பாம்பன் தீவின் கிழக்குப் பகுதி போகப் போகக் குறுகி, அரிச்சல்முனையில் வெறும் மணலாக முடிகிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்று பெண் கடல், மற்றது ஆண் கடல். இரண்டுக்கும் நடுவே, கோதண்டராமர் கோவிலை ஒட்டி, ஆழமில்லாத உப்பங்கழி பரந்து கிடக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடி ஊரையே அழித்தது. ஒரு பயணிகள் ரயிலும் அதில் இருந்தவர்களோடு கடலில் போயிற்று. மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று அரசு அதன் பிறகு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் சில திரும்பி வந்தன. மற்றபடி, நாம் கைவிட்ட நிலத்தைப் பறவைகள் எடுத்துக்கொண்டன.

அந்த உரிமைக்கு இப்போது சட்டத்தின் முத்திரையும் கிடைத்திருக்கிறது. 2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2023-24 கணக்கெடுப்பில் இங்கே 128 இனங்களைச் சேர்ந்த 10,000க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இருந்தன. சரணாலயம் என்ற சொல்லுக்கு அடைக்கலம் என்று பொருள். விபீஷணன் ராமனிடம் சரண் புகுந்த இடம் என்று சொல்லப்படும் கோவிலின் வாசலிலேயே இது அமைந்தது பொருத்தம்தான். அடைக்கலம் யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து உப்பங்கழியில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் பூநாரைகள் வரத் தொடங்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை பார்க்கலாம். நான்கு, ஐந்து அடி உயரம். அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் கவிழ்த்து, நாக்கையே பம்பு போல இயக்கி, சேற்று நீரை உறிஞ்சி வெளியேற்றும். அலகின் ஓரத்தில் உள்ள சல்லடை, சிறு இறால்களையும் பாசியையும் தடுத்து நிறுத்தும். அந்த உணவில் இருக்கும் நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. இந்தியாவில் இவை பெருங்கூட்டமாக முட்டையிடும் இடம் குஜராத்தின் பெரிய ரண். மண்ணைக் குவித்து மேடையாக்கி அதன் மேல் ஒரே ஒரு முட்டை. ராமேஸ்வரத்துக்கு இவை வருவது சாப்பிட மட்டும்தான்.

காமிராக்காரருக்கு இங்கேதான் பிரச்சினை. சாப்பிடும் பூநாரை படத்தில் அவ்வளவாக எடுபடாது. தூரத்தில் வெளுத்த உடல்கள், தண்ணீருக்குள் தலை. சிறகின் அடியில் இருக்கும் சிவப்பும் கறுப்பும் அது மடக்கியிருக்கும் வரை தெரியாது. பறந்தால்தான் வண்ணம். காலண்டரில் வருவதும், போட்டியில் பரிசு வாங்குவதும், செல்போனிலிருந்து செல்போனுக்குப் பாய்வதும் அந்தப் பறக்கும் படம்தான்.

கோவிலுக்கு எதிரே நான் நின்றிருந்த ஒரு ஜனவரிக் காலையில், பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரர் ஒருவர் அரை மணி நேரமாக லென்ஸை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். அவரை அழைத்து வந்த ஆட்டோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பறக்க விடட்டுமா, சார்? நான் அந்தப் பக்கமாப் போயி ஒரு சத்தம் குடுத்தா எல்லாம் எந்திரிச்சிரும். நீங்க ரெடியா இருங்க." கெட்ட எண்ணம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. விருந்தினருக்கு இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்பது போலக் கேட்டார். இதற்கு முன் வந்தவர்கள் எதைக் கேட்டார்களோ அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பறவை எழுவதில் அதற்கு என்ன நஷ்டம் என்று நமக்குத் தோன்றலாம். பறப்பதற்கென்றே பிறந்ததுதானே? ஆனால் பூநாரை காக்கையைப் போலச் சட்டென்று எழும்பிவிட முடியாது. நீண்ட கால்களால் தண்ணீரின் மேல் பல அடி ஓடி, சிறகை ஓங்கி அடித்து, அந்தப் பெரிய உடலைத் தூக்க வேண்டும். அப்படிச் செலவழித்த சக்தியை மறுபடி சல்லடை போட்டுத்தான் சேர்க்க வேண்டும். சாப்பிட வேண்டிய நேரமும் போய்விடுகிறது. கூட்டம் எழும்போது பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்கும் உள்ளான்களும் மூக்கன்களும் சேர்ந்து எழுகின்றன. ஒரு நாளில் ஒரு முறை என்றால் தாங்கும். ஒவ்வொரு ஆட்டோவுக்கும் ஒரு முறை என்றால்?

இந்தச் சின்னப் பறவைகளின் கணக்கு இன்னும் கறாரானது. பூநாரைக்குப் பக்கத்தில் அலையோரம் நிற்கும் பழுப்புத்தலைக் கடற்காகம் கோடையைக் கழிப்பது லடாக், திபெத் போன்ற பீடபூமிகளின் ஏரிகளில். குளிர்காலத்தில் அதன் தலை வெளுத்துக் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் மிஞ்சும். மார்ச்சில் தலை மீண்டும் பழுப்பாக மாறினால் ஊருக்குக் கிளம்பத் தயார் என்று அர்த்தம். மூக்கன் இனங்களோ வடகோடிக்குப் போகின்றன. 2022ல், பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் 13,560 கி.மீ. பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. பதினொரு நாள் உணவில்லை, தண்ணீரில்லை. கிளம்பும் முன் உடலில் சேர்த்த கொழுப்புதான் முழு எரிபொருள். நம் கரையில் தங்கும் பறவைகளும் பிப்ரவரி, மார்ச்சில் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவற்றை விரட்டுவது, நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் லாரியின் டாங்கில் ஓட்டை போடுவது போல.

பூநாரைக்காக வருகிறவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகும் ஒரு பறவை இங்கே உண்டு. சிட்டுக்குருவி அளவுதான். மேலே மணல் நிறம், கீழே வெள்ளை. குடுகுடுவென்று ஓடும், நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். உப்புக்கொத்தி என்று பொதுவாகச் சொல்கிறோம். பரந்த பரப்பில் வாழும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றுதான் இதை நெடுங்காலம் வைத்திருந்தார்கள். உடல் அளவுகளையும் மரபணுக்களையும் ஒப்பிட்ட விஞ்ஞானிகள், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இது தனி இனமே என்று 2023ல் முடிவு சொன்னார்கள். அதற்கு வைத்த பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இரண்டு நாடுகளுக்கும் நடுவே பாலம் கட்டியவரின் பெயர், இரண்டு கரைகளிலும் வாழும் பறவைக்கு. ராமேஸ்வரத்துக்கே உரிய பறவை எது என்று என்னைக் கேட்டால் பூநாரையைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

பூநாரை விருந்தாளி. அனுமன் உப்புக்கொத்தி இந்த மண்ணின் குடித்தனக்காரர். கோடையில் மணலில் ஒரு சின்னக் குழி பறித்து, ஓரத்தில் சில சிப்பித் துண்டுகளோடு, இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். கூடும் இல்லை, கூரையும் இல்லை. முட்டையும் மணல் நிறம். காகத்தின் கண்ணுக்குத் தப்பும் அந்த மாறுவேடம் மனிதனின் காலுக்கும் சக்கரத்துக்கும் தப்புவதில்லை. நண்பகலில் தாய்ப் பறவை முட்டையின் மேல் உட்காருவது அடை காக்க மட்டுமல்ல, நிழல் கொடுக்கவும்தான். சில சமயம் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் பக்கத்தில் நின்று லென்ஸை மாற்றிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அது எழுந்து ஓடித் தொலைவில் நிற்கிறது. வெயிலில் கிடக்கும் முட்டைக்குள் என்ன நடக்கும் என்பதைச் சமையலறை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

இன்னும் நெருங்கினால் ஒரு நாடகம் நடத்தும். சிறகு ஒடிந்தது போல மணலில் இழுத்துக்கொண்டு, நம்மைக் கூட்டிலிருந்து திசை திருப்பும். அதைப் 'பறவையின் நடனம்' என்று தலைப்பிட்டுப் போட்ட படங்களை நான் பார்த்திருக்கிறேன். அது நடனமல்ல. என்னைப் பிடித்துக்கொள், குழந்தையை விட்டுவிடு என்கிற கெஞ்சல்.

தனுஷ்கோடிக்கு முன்பெல்லாம் ஜீப்பும் வேனும் தண்ணீரையும் மணலையும் கடந்துதான் போய்வந்தன. 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கி.மீ. தார்ச்சாலை திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலமும் வந்தது. சாலையால் ஒரு நன்மை: வண்டிகளுக்கு ஒரு வழி கிடைத்தது. ஒரு கஷ்டம்: எல்லா வண்டிகளும் கடைசி முனை வரை வருகின்றன. சாலையை விட்டு மணலில் இறங்காத வரை பாதிப்பு குறைவு. இறங்கினால் சக்கரத்தின் கீழே என்ன நசுங்கியது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 1972ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். துப்பாக்கி வேண்டியதில்லை. சரணாலயத்துக்குள் படமெடுக்க அனுமதி தரலாம் என்கிறது அதே சட்டம். 2022ல் திருத்தியபோது, வாழிடத்தை மாற்றாமலும் உயிரினங்களுக்குக் கெடுதல் செய்யாமலும் எடுக்கும் படம் என்று அதைத் தெளிவுபடுத்தினார்கள். ஆனால் ஒரு வனக்காவலர் ஒவ்வொரு காமிராவுக்குப் பின்னாலும் நிற்க முடியாது.

பிறகு எப்படித்தான் படம் எடுப்பது? மீனவர்களைக் கவனித்தால் பதில் கிடைக்கும். கரைவலை இழுப்பவர்களுக்குப் பத்தடி தூரத்தில் ஆலாக்களும் கடற்காகங்களும் கவலையில்லாமல் நிற்கும். அவர்கள் தினமும் அதே தடத்தில் நடக்கிறார்கள், பறவையை முறைத்துப் பார்ப்பதில்லை. நாமோ நேராக அதை நோக்கி நடக்கிறோம். பறவையின் கண்ணில் அப்படி வருவது பருந்து, நாய், அடுத்தது நாம்.

எனவே விடியுமுன் போய், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஓரிடத்தில் தாழ உட்காருங்கள். சாலையோரமே போதும். அசையாதீர்கள். நின்றுகொண்டிருக்கும் மனிதனைவிட உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பறவை விரைவில் மன்னிக்கிறது. ஒரு மணி நேரத்தில் மேய்ச்சல் உங்களை நோக்கி நகரலாம். பூநாரைகள் சாப்பிடுவதை நிறுத்தி, கழுத்தை நிமிர்த்தி, எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். இரண்டடி பின்வாங்குங்கள். கோடையில் மணலில் நடக்காமல் இருப்பது நல்லது. உப்புக்கொத்தி கத்திக்கொண்டே முன்னால் ஓடினால், வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பறக்கும் படம் வேண்டுமா? பருந்து வரும், காற்று மாறும், பறவைகளே இடம் மாற்றும். அன்றைக்குக் கிடைக்காவிட்டால் இன்னொரு நாள்.

காத்திருந்து பார்ப்பதற்கு இந்த ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். புரியவில்லை என்றான் ஒரு மாணவன். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. மாலையில் மொத்த வகுப்பையும் கடற்கரைக்கு அழைத்துப் போய், கடற்பறவைகள் சிறகையும் வாலையும் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று காட்டினார். தன் வாழ்க்கையின் திசையை அந்த மாலைதான் தீர்மானித்தது என்று அப்துல் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார். அவர்கள் கையில் காமிரா இல்லை. பார்த்தார்கள்.

ஆட்டோக்காரர்களைக் குற்றம் சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் சத்தம் கொடுத்தால் கூடுதல் ஐம்பது ரூபாய் என்ற பாடத்தைக் கற்றுக்கொடுத்தது நாம். எங்கே உட்கார்ந்தால் பறவை தானாக வரும் என்று காட்டுகிறவருக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்துப் பாருங்கள். ஒரே பருவத்தில் அவர்கள்தான் இந்தச் சரணாலயத்தின் சிறந்த காவலர்கள் ஆவார்கள். பத்திரிகைகளுக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஒரு பெருங்கூட்டம் சிறகு விரித்த படம் மேஜைக்கு வரும்போது, வெளிச்சத்தையும் வண்ணத்தையும் பாராட்டும் முன் ஒரு கேள்வி கேட்கலாம்: இவை ஏன் எழுந்தன? பதில் சொல்லத் தெரியாத படத்துக்கு இடம் இல்லை என்று ஆகிவிட்டால் உப்பங்கழியில் சத்தம் தானாக அடங்கும்.