பி வேல்யூவை கம்ப்யூட்டர் தரும், யோசிப்பது யார்?

ஆராய்ச்சிக்காகச் சேகரித்த டேட்டாவை எக்ஸெல்லில் போட்டு என்டர் தட்டினால் பி வேல்யூ வந்து விடுகிறது. 0.05க்குக் குறைந்தால் மகிழ்ச்சி. கூடினால் வேறு டெஸ்ட்! இந்தப் பழக்கம் ஆபத்தானது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அராபிகா காபிச் செடிக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டு துளைப்பான். இந்த வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு தண்டைக் குடையும். தண்டில் சுண்ணாம்புக் கரைசல் பூசுவது தடுப்பு முறைகளில் ஒன்று.

ஒரு மாணவர் இதைச் சோதிக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். எண்கள் கற்பனைதான். சுண்ணாம்பு பூசிய 100 செடிகளில் 12, பூசாத 100 செடிகளில் 25 தாக்கப்பட்டன. "தாக்கப்பட்டது, தாக்கப்படவில்லை" என்று எண்ணிப் பிரிக்கிற இடத்தில் கை-ஸ்கொயர் டெஸ்ட் பொருந்தும். எக்ஸெல்லில் இதற்கு எதிர்பார்க்கும் எண்களையும் நீங்களே தர வேண்டும், இங்கே 18.5, 81.5. விடை சுமார் 0.018.

இதற்கு "சுண்ணாம்பு 98 சதவீதம் உறுதியாகப் பலன் தரும்" என்று அர்த்தமில்லை. சுண்ணாம்பால் பயனே இல்லை என்றாலும், இந்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வர 100ல் சுமார் 2 வாய்ப்பு, அவ்வளவுதான். 2016ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமும், பி வேல்யூ பலனின் அளவைக் காட்டாது என்று அறிக்கை விட்டது. விவசாயிக்குத் தேவை, 100 செடிக்கு 13 செடி தப்பியது என்ற கணக்கு. அதை வைத்துத்தான் கூலி கட்டுமா என்று பார்ப்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. துளைப்பானுக்கு வெயில் படும் செடிகள்தான் பிடிக்கும். பூசிய செடிகள் எல்லாம் நிழலில், பூசாதவை வெயிலில் இருந்தால்? அப்போதும் எக்ஸெல் அதே 0.018ஐத்தான் காட்டும். நிழலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? எந்தச் செடிக்குப் பூசுவது என்று முதலிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்க வேண்டும்.

மகசூலைக் கிலோவில் அளந்தால் டி-டெஸ்ட். எக்ஸெல்லின் டி-டெஸ்ட் பார்முலாவில் கடைசி எண்ணைக் கவனியுங்கள். அதே செடிகளை முன்னும் பின்னும் அளந்தால் 1. தனித்தனிக் குழுக்கள் என்றால் 2 அல்லது 3. ஏற்ற இறக்கம் சமமில்லாத குழுக்களுக்கு 3. மூன்று வகை நிழலை ஒப்பிட்டால் அனோவா. பலனே இல்லாத 20 விஷயங்களை டெஸ்ட் செய்தாலும், சராசரியாக ஒன்று 0.05க்குக் கீழே வந்து நிற்கும்!

எனவே செடியைத் தொடும் முன்பே எந்த டெஸ்ட் என்று நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு விடை எப்படி வந்தாலும் மாற்றாதீர்கள். உங்கள் தவறான முடிவை நம்பிச் செலவு செய்யப் போவது ஒரு மலைத் தோட்டக்காரர்.