நாய் துரத்தினால் ஓடாதீர்கள்

அதிகாலை ஐந்தரை மணி. மெரினா உட்சாலையில் ஓடுபவரின் காலடிச் சத்தம் கேட்டதும், காருக்கடியில் படுத்திருந்த நாய் காதை விடைத்துக்கொண்டு எழுகிறது.

இங்கே வேகத்தைக் கூட்டுவதுதான் தவறு. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். கல்லெறிவது மூர்க்கத்தைக் கூட்டும்.

கடித்துவிட்டால் மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட வேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது அரிதிலும் அரிது.

ஓடுபவரின் நிதானம் மட்டும் போதாது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களை அதே பகுதியில் விடலாம், மூர்க்கமானவற்றை விடக் கூடாது என 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநகராட்சிகள் கருத்தடை, தடுப்பூசி வேலையைப் பூங்காக்களிலும் நடைபாதைகளிலும் முதலில் தொடங்கட்டும்.