வாசலில் சாய்தளம் இருந்தால் போதுமா? நாகர்கோவில் கவனிக்க வேண்டியது என்ன?

2019-ல் மாநகராட்சியான நாகர்கோவிலில் புதுக் கட்டடங்கள் எழுந்துகொண்டே இருக்கு. சக்கர நாற்காலியில் வருபவரும், முழங்கால் வலியுள்ள பாட்டியும் அவற்றுக்குள் போக முடியுமா?

சட்டம் என்ன சொல்லுது?
மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் பிரிவு 44-படி, அணுகல் வசதி இல்லாத கட்டடத்துக்கு அனுமதியும் கிடையாது. பணி நிறைவுச் சான்றிதழும் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்த 5 ஆண்டுக்குள் மாற்றணும் என்கிறது பிரிவு 45. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களும் இதில் அடக்கம். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிஞ்சாச்சு.

எங்கே சிக்கல்?
அந்த விதிகளில் 15-வது விதி, கட்டாயம் என்று இல்லாமல் வெறும் பரிந்துரை போலவே இருந்தது. அது சட்டத்துக்கு முரணானது என 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு 3 மாதம் கொடுத்தது.

நாகர்கோவிலில்?
வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்குபவர் சாலையைக் கடந்து, நடைபாதை வழியே வந்தால்தான் வாசல் சாய்தளத்தால் பயன். பஸ், சாலை, கட்டட அனுமதி எல்லாம் வெவ்வேறு துறைகளின் கையில். ஒரு இடத்தில் வழி அறுந்தாலும் மற்றது வீண். முதல் படி மாநகராட்சி கையிலேயே இருக்கு: சான்றிதழ் தரும் முன் நேரில் போய்ச் சரிபார்ப்பது.