100 கிராம் வில்லன்
படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு ஜன்னல்தான் டி.வி. கிளி வரட்டுமே என்று வேப்பமரத்தில் தானியப் பெட்டி தொங்கவிட்டேன். வந்தது அணில்!

அணிலை விரட்டும் பெட்டியே இருக்கிறதாம். கனமான ஆசாமி உட்கார்ந்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஃபாரின் சரக்கு. விலையை மட்டும் கேட்காதீர்கள். அதிலும் அணில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டது.

நம்ம பி.காம். மூளை அப்புறம்தான் கணக்குப் போட்டது. அது அமெரிக்காவின் அரைக் கிலோ சாம்பல் அணிலுக்கு வைத்த கதவு. நம்மூர் மூணு கோடு பார்ட்டி, சுமார் 100 கிராம்! ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். அணில் அவுட். கூடவே கிளியும் அவுட். அதுவும் கிட்டத்தட்ட அதே எடைதானே சார்! 30 கிராம் சிட்டுக்குருவிக்கு மட்டும் அனுமதி. எங்கள் தெருவில் குருவிக்கு எங்கே போவது?

கடைசியில், மரத்தை விட்டுத் தள்ளி ஒரு இரும்புக் கம்பம். நடுவில் கவிழ்த்த தகரப் புனல். பழைய பெட்டியே போதும். ஏறிய அணில் புனலில் முட்டி இறங்கிவிட்டது. கிளிகள் வந்தன.

"நாலு நாளா அந்த அணில் பயலைக் காணோமேடா?" என்கிறார் அப்பா.